ஒரே அம்பு, இரண்டு கை

உச்சிப்பொழுது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேய் என்றால் இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம். இது பட்டப்பகலில் நடந்தது. நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடக்கிற நேரம். வெயில் நாற்பத்தாறு டிகிரி.

சாலை நமக்குத் தெரிந்த சாலைதான். போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே போகிற நெடுஞ்சாலையை விட்டு மேற்கே பிரிகிறதே, அந்தச் செம்மண் பாதை. வேலி கிடையாது. மரம் கிடையாது. உப்புப்புதரும் புழுதியும்தான். டயர் வெடித்தால் அடுத்த வண்டி இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பாதையில் அன்றைக்கு ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டியை ப்ரோன்வின் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னூறு கிலோமீட்டருக்கு இப்பால், போர்ட் அகஸ்டாவில், தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி. அவள் திரையில் இருந்த வரைபடத்தில் வண்டி ஒரு மஞ்சள் புள்ளி.

ப்ரோன்வின் யார் என்றால், நம் ஃபெர்கஸின் சித்தி மகள். அதோ, கதவோரம் சாய்ந்து வாயைத் திறக்காமல் இருக்கிறானே, அவனேதான். அவனைக் கேட்காதீர்கள். கேட்டால் எழுந்து போய்விடுவான். வண்டியில் போனவன் ப்ரோன்வினின் தம்பி லாக்லன். ஃபிட்டர். அவன் போய்க்கொண்டிருந்தது செம்புச் சுரங்கத்துக்கு. கோடை என்பதால் ஆட்களையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பாறையை மென்று பொடியாக்குகிற பெரிய க்ரஷரின் வாயில் ஒரு கல் சிக்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க இரண்டு பேர் போயிருக்க வேண்டும். கூட வர வேண்டியவனுக்கு வயிற்றுப்போக்கு. லாக்லன் தனியாகப் போனான்.

இப்போது ப்ரோன்வினின் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடப்பது விளங்காது.

அந்தச் சுரங்கத்து இயந்திரங்களை ஓட்டி நிறுத்துகிற சர்வரை வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஆனால் சொந்த லேப்டாப்பை நேராக அந்த சர்வரோடு சேர்க்கக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பு. அதனால் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியை ஓட்டுவார்கள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். கையால் தொடக்கூடிய உடம்பு அதற்கு இல்லை. உள்ளே லினக்ஸ் மட்டும், அதுவும் சதையெல்லாம் வழித்தெடுத்த வெறும் எலும்பு. கடிகாரம் இல்லை, படம் இல்லை, இரண்டு எழுத்து அடித்துக் கட்டளை கொடுக்கக்கூட அதில் வழி இல்லை. ஒரு கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் சுரங்கத்து ஆபீசில் சர்வரின் திரை எப்படி இருக்கிறதோ அப்படியே இங்கே தெரியும். இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். சாட்டிலைட் வழியாகப் போய் வருவதால் ஒரு கணம் தாமதித்து நகரும். நொண்டி நாயோடு நடந்து பழகியதைப் போல அவளுக்கு அந்தத் தாமதம் பழகிவிட்டது.

இன்னொன்று. இங்கே ஜன்னலை மூடினால் அங்கே திரை மூடாது. அது அங்கே திறந்தபடியேதான் கிடக்கும். இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து ஒரே திரையைத் திறந்தால்... அம்பு ஒன்றுதான். ஒரே அம்பு, இரண்டு கை.

அந்தக் குட்டிக் கணினியைக் கட்டியவர் மெர்வ் டோல்ஹர்ஸ்ட். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். அவருக்கு யாரையும் பிடிக்காது, அவரையும் யாருக்கும் பிடிக்காது. புதிதாக வருபவர்களை அழவைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் அதே திரைக்குள் நுழைந்து அம்பை வெடுக்கென்று இழுப்பார். நீங்கள் இடது பக்கம் இழுத்தால் அவர் வலது பக்கம். விடமாட்டார். திரையின் ஓரத்தில் ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது ஒருவருக்கொருவர் இரண்டு வரி எழுதிவைக்கிற இடம். இழுத்து இழுத்து ஆள் களைத்ததும் அதில் எழுதுவார்: "கை வலிக்குதா?"

ப்ரோன்வினுக்கும் எழுதியிருக்கிறார். அவள் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள்.

அவர் அதற்கு முந்தின கோடையில் செத்துப்போனார். அதே க்ரஷரில். ஏதோ ஒரு கம்பியைப் பார்க்க, மெயின் சுவிட்சைப் பூட்டாமல் உள்ளே இறங்கினார். உள்ளே இருக்கும்போது அது ஓடிவிட்டது. விசாரணை வைத்தார்கள். ஓடு என்ற கட்டளை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால்... மெர்வுடைய சொந்தக் குட்டிக் கணினியிலிருந்து. அது இருந்த லேப்டாப் ஆபீசில், பூட்டிய அலமாரிக்குள். அலமாரிச் சாவி மெர்வுடைய பாக்கெட்டில். பாக்கெட் க்ரஷருக்குள்.

அவ்வளவுதான் விசாரணை. அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை.

அவருடைய வேலை ப்ரோன்வினுக்கு வந்தது. புதிதாக ஒரு குட்டிக் கணினியை அவள் கட்டியிருக்கலாம். ஒரு காலை நேர வேலை. ஆனால் அந்தத் தொழிலில் ஓடிக்கொண்டிருப்பதை நகல் எடுக்க முடியும் என்றால் யாரும் புதிதாகக் கட்டமாட்டார்கள். மெர்வுடைய கணினியை அப்படியே நகல் எடுத்துத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டாள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினாள்.

"செத்தவன் சட்டைய எடுத்து மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றான் லாக்லன்.

"துவைச்சிட்டுத்தான் போட்டேன், போடா" என்றாள் அவள்.

அன்றைக்கு மஞ்சள் புள்ளி சுரங்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அங்கே செல்போன் எடுக்காது. ஆபீசில் ஒரு போன், வாசல் கேட்டில் ஒரு போன். அவ்வளவுதான். லாக்லன் ஆபீசிலிருந்து பேசினான்.

"வந்து சேந்துட்டேன், மகாராணி. ஈ மட்டும்தான் வரவேற்க வந்திருக்கு."

"தண்ணி குடிச்சியா?"

"ஐஸ் காபி குடிச்சேன்."

"அது தண்ணியாடா?"

"ப்ரோன், அம்மா மாதிரி ஆரம்பிக்காத. க்ரஷர நிறுத்திட்டியா?"

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அம்பு ஒரு கணம் நின்று, நகர்ந்து, அழுத்தியது. க்ரஷர் நின்றது என்று எழுத்து வந்தது. அதன் மேல் திரையில் ஒரு பூட்டுப் படத்தையும் போட்டாள். "நிறுத்தியாச்சு. நீ மெயினுக்குப் போய் உன் பூட்ட மாட்டிட்டு வா."

இங்கே எல்லாருக்கும் அந்தப் பூட்டு தெரியும். சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் தனக்கென்று ஒரு சிவப்புப் பூட்டு உண்டு, முகப்படமும் பேரும் ஒட்டிய அட்டையோடு. இயந்திரத்துக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை இறக்கி அதில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். இந்த ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். வெளியே வந்து அவனே கழற்ற வேண்டும். வேறு ஒருவன் அதில் கை வைத்தால் அன்றோடு அவனுக்கு வேலை இல்லை. பூட்டு தொங்குகிறவரை இயந்திரத்தை ஆண்டவனாலும் ஓட்ட முடியாது.

"மெயின் அந்தக் கோடியில இருக்கு, ப்ரோன். இந்த வெயில்ல நடந்து போயிட்டு வந்தா நானே வறுத்த கோழி ஆயிடுவேன். உன் திரைப் பூட்டு போதாதா?"

"அது வெறும் படம்டா. ஒரு தட்டு தட்டினா போயிடும்."

"யார் தட்டப் போறா? நீ ஒருத்திதான இருக்க. பத்து நிமிஷ வேலை. மவுஸ்ல கை வைக்காம ஒரு டீ போட்டுக் குடி."

அவள் கத்துவதற்குள் போனை வைத்துவிட்டான். திரும்ப அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கிளம்பிப் போயிருந்தான்.

அவள் டீ போடவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். குளிர்ப்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. வெளியே கிளிகள் கூடக் கத்தவில்லை, அப்படி ஒரு வெயில். லேப்டாப்பின் கேமராவின் மேல் எப்போதும்போல ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை நினைவில் வையுங்கள்.

அம்பு நகர்ந்தது.

கொஞ்சம்தான். ஒரு விரல் அகலம். அவள் தன் கையைப் பார்த்தாள். கை மடியில் இருந்தது.

மேசை ஆடியிருக்கும் என்று நினைத்தாள். மவுஸைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தாள்.

அம்பு மறுபடி நகர்ந்தது. இப்போது அவசரமில்லாமல், வழி தெரிந்தவர் நடப்பதுபோல, நேராகப் பூட்டுப் படத்தின் மேல் போய் நின்றது. ஒரு தட்டு. பூட்டு போய்விட்டது.

பூட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். சிவப்பை ஒட்டினாற்போல் பச்சை, க்ரஷரை ஓட்டுகிற பொத்தான்.

அவள் மவுஸின் மேல் பாய்ந்தாள். பிடித்து இடது பக்கம் இழுத்தாள். அம்பு பச்சையின் விளிம்பைத் தொட்டுவிட்டு வழுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. உடனே வெடுக்கென்று வலது பக்கம் போனது. அவள் இழுத்தாள். அது இழுத்தது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் இழுத்தால் அம்பு ஒரு கணம் கழித்துத்தான் வருகிறது. அதன் இழுப்புக்குத் தாமதமே இல்லை. சாட்டிலைட்டைத் தாண்டி வருகிற இழுப்பு இல்லை அது. அங்கேயே இருந்துகொண்டு இழுக்கிறது.

யோசித்துப் பார்த்தாள். ஜன்னலை மூடலாம். மூடினால் அவள் கைதான் போகும், அந்தக் கை இருக்கும். லேப்டாப்பை உடைத்தாலும் அதே கதை. சர்வரையே நிறுத்தலாம் என்றால், அதற்குக் கட்டளை அடிக்க அந்தக் குட்டிக் கணினியில் இடம் வேண்டும். வெறும் எலும்பு. எதுவும் வேண்டாம் என்று மெர்வ் வழித்தெடுத்துவிட்டார். சிவப்புப் பொத்தானுக்குப் போகலாம் என்றால் பச்சையை உரசிக்கொண்டு போக வேண்டும்.

பிடித்துக்கொண்டு இருப்பது ஒன்றுதான் வழி. அம்பு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தால் பச்சையில் நிற்க முடியாது. நிற்காவிட்டால் அழுத்த முடியாது. லாக்லன் வெளியே வருகிறவரை கையை எடுக்கக் கூடாது.

சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாள். இடது கையால் போனை எடுத்து ஆபீசுக்கு அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. ஆள் இல்லாத ஆபீசில், அடைத்த கதவுக்குப் பின்னால் அந்த மணி எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குக் காதில் கேட்டது.

சுற்றினாள். முழங்கை மரத்தது. தோள் எரிந்தது. வியர்வையில் மவுஸ் வழுக்கியது. அம்பு ஒவ்வொரு வட்டத்திலும் முரண்டு பிடித்தது. சில சமயம் பிடியை விட்டதுபோல லேசாக விடும், அவள் மூச்சு விடும்போது பாயும்.

பிறகு, குறிப்புப் பெட்டியில் எழுத்து வந்தது. ஒவ்வொரு எழுத்தாக. ஆற அமர.

கை வலிக்குதா?

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கையை மட்டும் விடவில்லை.

போன் அடித்தது. சுரங்கத்து ஆபீஸ் எண். இடது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிடுச்சு, ப்ரோன்" என்றான் லாக்லன். அவன் குரல்தான். அதே மூக்கடைப்பு. "கல்ல எடுத்துட்டேன். வெளிய வந்துட்டேன்."

அவள் அழுதாள். "டேய்... டேய், உயிரே போயிடுச்சுடா..."

"பரவால்ல. கைய எடு."

சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே தளர்ந்தது. தளர்ந்த பிறகுதான் உறைத்தது. கையைப் பற்றி அவனுக்கு யார் சொன்னது?

"லாக்லன்... நீ எங்க நிக்கற?"

போனுக்குள் ஒரு சத்தம். கரகரவென்று, கல்லைக் கல் தேய்க்கிற மாதிரி. மெல்லுகிற சத்தம். சூடான கிரீஸும் கல்தூளும் கலந்த வாடை சமையலறை முழுக்க வந்தது. அம்பு பச்சையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது.

அவள் போனை விசிறி எறிந்தாள். இரண்டு கையாலும் மவுஸைப் பிடித்து இழுத்தாள். அம்பு பச்சையின் மேல் வந்து, நிற்பதற்கு முன், விலகியது. உடனே விலகியது. தாமதம் இல்லாமல்.

அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் அவள் கை எப்படி அசைந்ததோ அம்பும் அப்படியே, அந்தக் கணமே அசைந்தது. சாட்டிலைட் இல்லாததுபோல. அவளும் அங்கேயே இருப்பதுபோல.

எவ்வளவு நேரம் சுற்றினாள் என்று தெரியாது. தரையில் கிடந்த போன் மறுபடி அடித்தது. குனிந்து எடுக்க முடியாது. கால் விரலால் தட்டி ஸ்பீக்கரில் எடுத்தாள்.

"ஏ மகாராணி! எத்தன தடவ அடிக்கறது? வெளிய வந்து ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சாச்சு. நீ சொன்ன மாதிரியே தண்ணி. சந்தோஷமா?"

"வண்டிய எடுத்துக்கிட்டு கேட்டுக்குப் போ!" என்று தரையைப் பார்த்துக் கத்தினாள்.

"எதுக்கு? கை கால் கழுவிட்டு..."

"போடா! பேசாத! வண்டிய ஓட்டு!"

"வெயில் உனக்கா எனக்கா?" என்று முனகிக்கொண்டே போனை வைத்தான்.

மஞ்சள் புள்ளி அசையவில்லை. அவள் சுற்றினாள். அசையவில்லை. சுற்றினாள். புள்ளி அசைந்தது. மெதுவாக ஆபீசை விட்டு விலகி, கொட்டகையைத் தாண்டி, கேட்டில் போய் நின்றது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மவுஸிலிருந்து பிரித்தாள். அம்பு அங்கேயே நின்றது. இழுக்க யாரும் இல்லை. பச்சைக்கும் போகவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டதுபோலச் சும்மா நின்றது.

லாக்லன் கேட்டிலிருந்து அடித்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவனும் மெர்வுக்குக் கீழே வேலை பார்த்தவன்தான். "மெயின இறக்கிப் பூட்டிட்டு வர்றேன். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் நான் உள்ள இறங்கமாட்டேன்" என்றான்.

புள்ளி திரும்பிப் போனது. அவன் ஆபீசிலிருந்து மறுபடி பேசியபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ப்ரோன். மெயின் ஏற்கனவே இறங்கித்தான் இருக்கு. பூட்டு தொங்குது."

"யாரோட பூட்டு?"

அவன் மடக்மடக்கென்று தண்ணீர் குடிப்பது கேட்டது.

"யாருதுடா? மெர்வுதா?"

"நீ என்னைக்காவது இங்க வந்திருக்கியா?"

"இல்ல. உனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு நீ என்ன சட்ட போட்டிருக்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. சொன்னாள்.



அவன் செல்போனில் எடுத்துவந்த படத்தை ஃபெர்கஸ் பார்த்திருக்கிறான். பழைய பூட்டு, துருப்பிடித்தது. அட்டையில் ப்ரோன்வினின் பேர். முகப்படத்தில் அவள் கட்டம் போட்ட சட்டையோடு, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு, கண் சிவந்து, கொஞ்சம் கீழே பார்த்தபடி. பின்னால் அவள் வீட்டுக் குளிர்ப்பெட்டி. லேப்டாப்பின் கேமரா இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி. டேப் அன்றைக்கும் ஒட்டியிருந்தது. இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பூட்டை ஒருவரும் கழற்றவில்லை. அவள்தான் கழற்ற வேண்டும் என்பது விதி. சாவி அவளிடம் கிடையாது. வெட்டிவிடலாம் என்று கம்பெனிக்காரர்கள் கிளம்பியபோது லாக்லன் போய் அவர்கள் காலில் விழாத குறை. "அது தொங்கற வரைக்கும்தான் மெஷின் ஓடாது. வெட்டாதீங்க. அவ உள்ள இருக்கா." அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஆனாலும் வெட்டவில்லை. அந்த க்ரஷரை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றை வாங்கிப் போட்டார்கள்.

ப்ரோன்வின் அந்தக் குட்டிக் கணினியை அழித்துவிட்டாள். வேலையையும் விட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், கடைக்குப் போகிறாள். வலது கை மட்டும் மேசை மேல் வைத்தால் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கத்திலும். அப்புறம் ஒன்று... அவளிடம் எதையாவது கேட்டால் ஒரு கணம் கழித்துத்தான் பதில் வரும். எதிரே உட்கார்ந்துதான் இருப்பாள். முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். எங்கேயோ போய்த் திரும்பி வருவதுபோல ஒரு கணம். முன்பெல்லாம் அப்படி இல்லை.

சுரங்கத்தைப் போன வாரம் வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள். பழைய க்ரஷரை ஓட்டிப் பார்த்து விற்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை பூட்டை வெட்டுகிறார்கள்.

இன்று சாயங்காலம் ஃபெர்கஸ் அவளுக்குப் போன் செய்து சொன்னான். அதனால்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறான். அவள் வழக்கம்போல ஒரு கணம் பேசவில்லை. பிறகு இன்னொரு கணம். போனுக்குள் கல்லைக் கல் தேய்க்கிற சத்தம் லேசாகக் கேட்டதாம். அப்புறம்தான் குரல் வந்தது, ரொம்பத் தூரத்திலிருந்து...

"கை வலிக்குது, ஃபெர்கஸ்."